அலீடாசி வண்டிக்கு வந்த காய்ச்சல்

எங்கள் ஊரில் சொந்தக்காரர் வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. பன்றியைக் கேட்டால் பன்றி, பாயைக் கேட்டால் பாய். போட்டிருக்கும் சட்டையைக் கேட்டாலும் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெற்றுடம்பில் காற்று நன்றாகப் படுகிறது என்று சிரிக்க வேண்டும். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். இந்த லட்சணத்தில் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருப்பவள் பாடு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாட்டைப் பட்டவள் அலீடாசி. சவாயீ தீவின் வடகரையில் என் கடைக்கு அடுத்த மனை அவளுடையது. ஆக்லாந்தில் ஒரு லாரிப் பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்கு கழுவும் வேலைக்குப் போனவள், கழுவிய சாமான்களையே மாட்டவும் கழற்றவும் கற்றுக்கொண்டு திரும்பி வந்தாள். புருஷன் இறந்த பிறகு அவள் அப்பா கடற்கரையை ஒட்டிய குடும்ப நிலத்தில் ஒரு துண்டைக் காட்டி, "இங்க இருந்துக்கோ" என்றார். அதில் வீடு கட்டினாள், தகரக் கொட்டகை போட்டாள், பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி நிறுத்தினாள். சேப்பங்கிழங்கு சந்தைக்குப் போவதும், பிள்ளைத்தாய்ச்சி ஆஸ்பத்திரிக்குப் போவதும், கோயில் பாட்டுக்குழு பக்கத்து ஊருக்குப் போவதும் அதில்தான். பிணம் போவதும் அதில்தான். சத்தம் போட்டுச் சிரிப்பாள், சத்தம் போட்டுத் திட்டுவாள். கோபம் வந்தால் எதிரில் இருப்பவன் பாதிரியாரா பன்றியா என்று பார்க்கமாட்டாள்.

ஆனால் இல்லை என்று சொல்ல அவளுக்கும் வாய் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஒன்றுவிட்ட தம்பிகள் வந்து பல்லைக் காட்டிக்கொண்டு சாவி கேட்பார்கள். வண்டி மறுநாள் டீசல் வற்றி, கண்ணாடி உடைந்து, பின்பெட்டியில் பீர் பாட்டில் உருள வந்து சேரும். அதற்கு அவளும் அவள் தம்பி தவாயும் சேர்ந்து ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். எதையோ கழற்றிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. "தரமாட்டேன்" என்று சொல்லத்தானே கூடாது? வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாமே! கேட்டு வந்தவன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். ஊருக்கு விஷயம் புரியாமல் இல்லை. "அலீடாசி வண்டிக்கு மறுபடியும் காய்ச்சலாம்" என்று என் கடை வாசலில் உட்கார்ந்து சிரிப்பார்கள். எதைக் கழற்றுகிறார்கள் என்று மட்டும் அக்காவையும் தம்பியையும் தவிர யாருக்கும் தெரியாது. என்னிடம்கூடச் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

தவாய் அவளைவிட எட்டு வயது சின்னவன். அம்மா அவன் பால் மறக்கும் முன்பே போய்விட்டாள். அலீடாசிதான் இடுப்பில் தூக்கித் திரிந்தாள். வளர்ந்து பள்ளிக்கூட வாத்தியாராகி, வேறு ஊரில் இருந்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மண்ணடுப்புச் சாப்பாட்டில் முதல் கூடை அக்கா வீட்டுக்கு வந்துவிடும். தம்பிக்கு அக்கா கண்ணின் உள்முனை என்று எங்களில் சொல்வார்கள். அங்கே தூசி விழவிடமாட்டான் என்று அர்த்தம். தவாய் விடவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அப்பா இறந்த பிறகு அவருடைய தலைவர் பட்டம் ஆளில்லாமல் கிடந்தது. லெயாலோவா என்பது அந்தப் பட்டத்தின் பெயர். அதைத் தவாய்க்குக் கொடுப்பதா, பெரியப்பா வழி ஆளுக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்ய, ஒரு சனிக்கிழமை தென்கரையில் அவர்கள் அப்பாவின் பூர்வீக ஊரில் குடும்பச் சபை கூடுவதாக இருந்தது. அங்கே மகள் வழிப் பேச்சுக்குத் தனி மரியாதை. மகள் வேண்டாம் என்றால் சபை எழுந்து போகவேண்டியதுதான். தம்பிக்காகப் பேசுவதற்கு அலீடாசி ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தாள். கடைக்குச் சர்க்கரை வாங்க வந்தால்கூட, "லூசியா, இந்த இடத்துல அப்பா பேர முதல்ல சொல்லட்டுமா, தாத்தா பேர முதல்ல சொல்லட்டுமா?" என்று என் உயிரை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தவாய் வந்தான். அக்கா கையால் சாப்பிட்டான். தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பிலையை இரண்டு தடவை கேட்டு வாங்கினான். முன்னால் இருக்கும், சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த வீட்டில் படுத்துக்கொண்டான். விடியற்காலையில் பெரியப்பா வீட்டார் வேனில் வந்து கூப்பிட்டார்கள்.

"வேன்ல இடமில்லக்கா. நீ சாப்பாட ஏத்திக்கிட்டுப் பின்னாடியே வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"நீ போ ராசா. நான் வராம அங்க ஒருத்தன் வாயத் திறப்பானா?" என்றாள் அலீடாசி.

வெயில் ஏறும்போது கூடைகளை ஏற்றினோம். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். அவள் புது உடுப்பு உடுத்தி, தலையில் சீப்பு செருகி, பவிசாக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். மோட்டார் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாள். சுற்றியது, அவ்வளவுதான்.

"பேட்டரி போயிடுச்சா?" என்று கேட்டேன். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது.

"எப்படிச் சுத்துதுன்னு காது கேக்கலையா உனக்கு? பேட்டரி குத்துக்கல்லாட்டம் இருக்கு. டீசல்தான் போகல."

இறங்கி, டாங்கியில் தென்னை ஈர்க்கை விட்டு எடுத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் நனைந்திருந்தது. எஞ்சின் மூடியைத் திறந்து ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, வடிந்ததைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தாள். தண்ணீர் கலக்கவில்லை. ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருந்தாள், அது கல்லாக இறுகும்வரை. காற்று புகுந்திருந்தால் இதில் சரியாகிவிடும் என்றாள். சரியாகவில்லை.

இதற்குள் கிழவர் ஃபேட்டு வந்துவிட்டார். எங்கள் ஊரில் எவன் வீட்டில் எது கெட்டாலும் முதலில் வந்து நிற்கிறவர் அவர்தான்.

"என்னம்மா, காய்ச்சலா?" என்று கண்ணடித்தார்.

"நெசமாவே ஸ்டார்ட் ஆகல மாமா."

"எங்கிட்ட எதுக்கும்மா நடிக்கிற? நான் வண்டியே கேக்கலையே!"

கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அலீடாசிக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வெள்ளிக்கிழமை சொன்ன பொய், இன்றைக்கு உண்மையைச் சொன்னாலும் ஒருத்தனும் நம்பவில்லை. "என் தம்பி பட்டம் போயிடும்யா!" என்று அவள் கத்திய பிறகுதான் சிரிப்பு நின்றது. பஸ் விடியற்காலையிலேயே போய்விட்டது. பாதிரியாரின் கார் படகேறித் தலைநகர் அபியாவுக்குப் போயிருந்தது. ஊரில் வேறு வண்டியே கிடையாது. தவாய்க்கு போன் போட்டாள். எடுக்கவில்லை.

"தள்ளுங்கடா" என்றார் ஃபேட்டு. ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். வண்டி கோயில் சரிவில் நன்றாகவே ஓடியது, உருண்டு ஓடியது. கீழே போய்ச் சவம் மாதிரி நின்றது. ஒருவர் டயரை உதைத்துப் பார்த்தார். ஒருவர் ஹாரனை அடித்து, அது வேலை செய்வதாக எங்களுக்குத் தைரியம் சொன்னார். பாதிரியாரின் மனைவி வந்து மூடிமேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லிவிட்டு நான் சாவியைத் திருப்பினேன். கர்த்தருக்கு அன்று வேறு வேலை இருந்தது.

அலீடாசி யாரையும் கவனிக்கவில்லை. பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். "சுத்து" என்றாள். சுற்றினேன்.

"ஒரு சொட்டுகூட வரல" என்றாள். "பம்பு வரைக்கும் டீசல் வருது. பம்புலேருந்து வெளிய போகல. நடுவுல எவனோ கதவச் சாத்திட்டான்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். நெற்றியில் கரி, உடுப்பில் டீசல். பிறகு, "லூசியா, சாவியப் போடு. சுத்தாத. போடு, எடு. டிக்னு ஏதாவது கேக்குதா?" என்றாள்.

"ஒண்ணும் கேக்கல."

"நல்லாக் கேளு."

"கேக்கலடி."

பம்பின் பின்பக்கம் கையை விட்டாள். அங்கே ஒரு சின்ன வால்வு இருக்கிறது. சாவியைப் போட்டால் கரண்டு போய் டிக் என்று திறந்து டீசலை விடும். அதற்கு ஒரே ஒரு ஒயர். அவள் ரப்பர் தொப்பியை எடுத்தாள். நட்டு இருந்தது, ஒழுங்காக முறுக்கியும் இருந்தது. ஒயர் இல்லை. அது குழாய்க்குப் பின்னால் மடித்துச் செருகப்பட்டிருந்தது. நுனி எதிலும் பட்டுப் பொறி பறந்துவிடாதபடி டேப் சுற்றியிருந்தது. செய்த துரோகத்தைக்கூடச் சுத்தமாகச் செய்திருந்தான்.

அவர்களுடைய வைத்தியம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரில் அந்த ஒயரைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி என் கண்ணெதிரில் நின்றாள்.

"என்ன ஆச்சு?" என்று ஃபேட்டு எட்டிப் பார்த்தார்.

"காத்துதான் மாமா. காத்து புகுந்திருந்துச்சு" என்றாள் அலீடாசி. ஒயரை மாட்டினாள், குழாய் நட்டுகளை இறுக்கினாள், மூடியைச் சாத்தினாள். வண்டி ஒரே திருப்பில் பிடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பாதிரியார் மனைவி வானத்தைப் பார்த்து நன்றி சொன்னார்.

படகுத்துறை தாண்டித் தென்கரை ரோட்டில் திரும்பியதும் அலீடாசி தானாகவே பேச்சை ஆரம்பித்தாள்.

"ராத்திரி பசங்க யாராச்சும் சாவி கேட்டு வந்திருப்பாங்க. அதான் கழட்டி வச்சிருக்கான். சொல்ல மறந்துட்டான்."

"'பின்னாடியே வா'ன்னு சொல்ல மறக்கல, இத மட்டும் மறந்துட்டானா?"

"தூக்கக் கலக்கம்டி."

"டேப் சுத்துற அளவுக்குக் கலக்கமா?"

"வாய மூடு லூசியா! அவன் பட்டத்துக்கு நான் பேசப் போறேன். என்னைத் தடுத்து அவனுக்கு என்ன ஆகப் போகுது? சொல்லு பாப்போம்."

அவள் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினாள். மறந்திருப்பான், மறந்திருப்பான் என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

சபை வீட்டில் தூணுக்கு ஒருவராகத் தலைவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முடிந்து, முடிவை உறுதி செய்யக் குடிக்கும் காவா என்ற வேர்ப்பானத்தைக் கலக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் எல்லோரும் நகர்ந்து இடம்விட்டார்கள். குடும்பத்தின் சார்பில் பேசுகிறவர், கையில் நார் விசிறியோடு, நிஜமான சந்தோஷத்தோடு அவளை வரவேற்றார்.

"வாம்மா வா! வண்டி சரியாயிடுச்சா? ஸ்டார்ட் ஆகல, உன்னால வர முடியலன்னு தவாய் காலைல வந்து இறங்கினதுமே சொன்னான். பாவம், ரொம்ப வருத்தப்பட்டான்."

தவாய் வந்து இறங்கிய நேரத்தில் நாங்கள் இன்னும் சாவியையே தொடவில்லை. அலீடாசி வாசற்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். மறந்திருப்பான் என்ற பேச்சு அந்த இடத்திலேயே செத்தது.

"நீ வராட்டியும் உன் சம்மதத்தக் கொண்டு வந்துட்டான்மா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றார் பேச்சாளர்.

"எதுக்குச் சம்மதம்?" அலீடாசியின் குரல் அவ்வளவு மெல்லியதாக நான் கேட்டதே இல்லை.

"அதான்மா, உன் கரை நிலம். பெரியப்பா வழிக்காரங்க அதுல டூரிஸ்ட் குடிசை போடப் போறாங்க. அத விட்டுக் கொடுத்தா பட்டத்துக்குப் போட்டி இல்லன்னு ஒத்துக்கிட்டாங்க. அக்கா முழு மனசோட குடுத்துட்டான்னு தவாய் சொன்னப்ப எங்களுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

முந்தின ராத்திரி அவள் பரிமாறியதை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்! அவள் வீட்டிலேயே படுத்து எழுந்து அவளுக்கே குழி பறித்திருக்கிறான். அவன் தூணடியில் தலையைக் குனிந்துகொண்டு, உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எங்களில் அக்கா சாபத்துக்கு மிஞ்சின சாபம் கிடையாது. தம்பியின் கண்ணை அவிக்கும், வம்சத்தை அறுக்கும் என்பார்கள். விடு சாபத்தை, அது தேவையில்லை. "நான் எதையும் சொல்லி அனுப்பல" என்று நான்கு வார்த்தை போதும். அதோடு அவன் கதை முடிந்தது. சொல்லுடி, சொல்லுடி என்று நான் மனசுக்குள் கத்தினேன். சபை முழுதும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அலீடாசி வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். டீசல் கறை தெரியாதபடி உடுப்பை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"ஆமா. நான்தான் சொல்லி அனுப்பினேன்" என்றாள். "வண்டி சரியாயிடுச்சு. அதான் என் வாயாலயும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

காவா கிண்ணம் ஒவ்வொருவராகச் சுற்றிப் போயிற்று. புதுப் பட்டத்தைச் சொல்லிக் கூவினார்கள். தவாய் கிண்ணத்தை வாங்கும்போது பாதி தரையில் சிந்தியது.

கூடைகளை இறக்கிவிட்டு நாங்கள் வண்டிக்கு வந்தபோது அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"அக்கா..."

அவள் திரும்பி, தலைவர் முன்னால் நிற்கிறமாதிரி தலையைத் தாழ்த்தினாள். "சொல்லுங்க லெயாலோவா."

"அக்கா, என்னை அப்படிக் கூப்பிடாத. நான் தவாய்க்கா. ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளு."

"தலைவர் வெயில்ல நிக்கக் கூடாது. சபை காத்திருக்கு. உள்ள போங்க."

அவன் அழ ஆரம்பித்தான். அவள் ஏறி வண்டியை எடுத்துவிட்டாள்.

நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஊர் எல்லை தாண்டியதும் வெடித்துவிட்டேன். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? வீட்டக் குடுத்தே, கொட்டகையக் குடுத்தே, அந்தத் திருட்டுப் பயலக் காப்பாத்தியும் விட்டே. நானா இருந்தா அங்கேயே அவன் மானத்த வாங்கியிருப்பேன்!"

"இல்லன்னு சொல்லியிருந்தா அவன் சபையில பொய்யன் ஆயிருப்பான். அப்பா பேரு அப்புறம் எந்த ஜென்மத்துலயும் அவனுக்கு வராது. இந்த இடுப்புல தூக்கி வளத்த புள்ளடி."

"அந்தப் புள்ள உனக்குப் பண்ணினது?"

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். சிரிப்பைப் போலவே அழுகையும் அவளுக்குச் சத்தமாகத்தான் வரும்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் லூசியா. ராத்திரி சாப்பிடும்போது, அக்கா, அந்த நிலம் வேணும்னு ஒரு வார்த்தை. எந்த நாள்ல அவனுக்கு நான் இல்லன்னு சொல்லியிருக்கேன்? வெள்ளிக்கிழம குடிகாரனுங்ககிட்ட சொல்ற பொய்ய எங்கிட்டயே சொல்லிட்டானே. நான் அவனுக்கு இல்லன்னு சொல்லிடுவேன்னு நெனச்சுட்டானே!"



இப்போது அந்தக் கரையில் குடிசைகள் வந்துவிட்டன. வெள்ளைக்காரர்கள் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். அலீடாசி கொட்டகையைப் பிரித்து வந்து என் கடைக்குப் பின்னால் போட்டுக்கொண்டாள். பக்கத்திலேயே ஒற்றை அறை. பிக்கப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒயரைக் கழற்றும் வேலையை விட்டுவிட்டாள். எந்தப் பயல் வந்து கேட்டாலும் சாவியை எடுத்துப் போட்டுவிடுகிறாள். கண்ணாடி உடைந்தால் உடையட்டும் என்கிறாள். அவள் வண்டிக்குக் காய்ச்சல் வந்து ரொம்ப நாளாகிறது என்று ஊரே ஆச்சரியப்படுகிறது. ஃபேட்டு அந்த ஜோக்கை நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூடை இன்னும் வருகிறது. தவாயே தூக்கிக்கொண்டு வருகிறான். அவள் இரண்டு கையாலும் வாங்கி, தலைவர்களுக்குச் சொல்லும் மரியாதை வார்த்தைகளில் ஒன்று குறையாமல் சொல்லி நன்றி கூறுகிறாள். ரோட்டில் அவன் கைகாட்டினால் வண்டியை நிறுத்தி, தானே இறங்கி, முன்கதவைத் திறந்து, "ஏறுங்க லெயாலோவா" என்கிறாள். பார்க்கிறவர்கள், தம்பிமேல் எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று தங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவளை உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கு அவர்களை அறையலாம்போல் வரும்.

போன வாரம் அவன் என் கடைக்கு வந்தான். எதுவும் வாங்கவில்லை. மாவு மூட்டையில் உட்கார்ந்துகொண்டு, "லூசியா, நீ சொன்னா அவ கேப்பா. திட்டட்டும், அடிக்கட்டும். ஒரே ஒரு தடவ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லேன்" என்றான். அவன்மேல் எனக்கு இருந்த ஆத்திரம் இருக்கிறபடியேதான் இருந்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் எழுந்து பின்னால் போனேன்.

அலீடாசி வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். குனிந்து சொன்னேன். உள்ளே ஸ்பேனர் சத்தம் நின்றது.

"தவாயா?" என்றாள். "அப்படி ஒருத்தன் எங்க வீட்டுல இருந்தான். ஒரு சனிக்கிழம விடியக்காலைல வேன்ல ஏறிப் போனான். இன்னும் திரும்பி வரல."